குழந்தைகளின் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்காக மலை ஏறப் போகிறீர்களா? முதலில் பணம் போகும் வழியைப் போடுங்கள்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து 28 பேர் சிவகங்கை மலை ஏறி இறங்கினோம். நம் சிவகங்கைச் சீமை இல்லை, தும்கூரு சாலையில் டாபஸ்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கை. குழந்தைகளுக்கு வரும் டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை) ஆராய்ச்சிக்கு 2,31,500 ரூபாய் சேர்ந்தது. ஏறி இறங்க அரை நாள் போதுமாக இருந்தது. பணக் கணக்கு முடிய அடுத்த ஜூன் ஆகிவிட்டது. அதில் பாதி நாட்கள் என் அறியாமையால் வீணானவை. நீங்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்கு ஏழு வயதில் டைப் 1 வந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து ஊசி, ஏழெட்டு முறை விரலைக் குத்திப் பார்ப்பது, நடுராத்திரி அலாரம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்த வேலை இது. உங்களுக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கும். அது இருந்தால் போதும், மற்றதைக் கீழே பாருங்கள்.

1. யாருக்கு, எதற்கு: மூன்று மாதம் முன்னாலேயே முடிவு செய்யுங்கள்

"சர்க்கரை நோய்க் குழந்தைகளுக்காக" என்று மொட்டையாக ஆரம்பிக்காதீர்கள். இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வசதியில்லாத குழந்தைக்கு இன்சுலினும் சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப்பும் வாங்கித் தருவது. இன்னொன்று, ஆராய்ச்சிக்குத் தருவது. இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் கணக்கும் ரசீதும் வேறு வேறு, பணம் தருபவர் மனதில் ஓடுவதும் வேறு. ஊசி வாங்கத்தான் தந்தோம் என்று நினைத்தவரிடம் பிறகு "இது ஆய்வகத்துக்குப் போனது" என்றால் முகம் சுருங்கும்.

ஆராய்ச்சி என்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் டெப்லிசுமாப். 2022 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. நோய் வரப்போகிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு, அது முழுதாக வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறது. குணமாக்காது. ஆனால் பத்து வயதில் தொடங்கும் ஊசி பன்னிரண்டு வயதில் தொடங்கினால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிது என்று என் தங்கையைக் கேட்டால் சொல்வாள். நம் நாட்டில் இளவயதில் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கான பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006-இல் தொடங்கியது. எந்த ஊரில் எத்தனை குழந்தைகள், எந்த வகை, எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதும் ஆராய்ச்சிதான். வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் மட்டும் இல்லை.

நிறுவனத்தைத் தேடும்போது சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் போல ஆராய்ச்சியையே வேலையாக வைத்திருக்கும் இடங்களைப் பாருங்கள். பெங்களூரிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் அறக்கட்டளைகளிலும் குழந்தைகள் சர்க்கரைப் பிரிவுகள் உண்டு. உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டரையே முதலில் கேளுங்கள். யார் உண்மையில் வேலை செய்கிறார்கள், யார் உலக சர்க்கரை நோய் தினமான நவம்பர் 14 அன்று மட்டும் நீல பலூன் விடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

2. நிறுவனத்திடம் கேட்க வேண்டிய காகிதங்கள்

தொலைபேசியில் "தாராளமா பண்ணுங்க மேடம்" என்பார்கள். அது காகிதம் ஆகாது. இவற்றை மின்னஞ்சலில் வாங்குங்கள்:

- அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி நீங்கள் நிதி திரட்டலாம் என்ற அனுமதிக் கடிதம். நடக்கும் தேதி, இடம் அதில் இருக்கட்டும்.
- பணம் தருபவருக்கு வரிக் கழிவு (தந்த தொகையை வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வது) கிடைக்கும் என்ற சான்று, அதாவது 80ஜி. எந்த ஆண்டு வரை செல்லும் என்று பாருங்கள்.
- 12ஏ பதிவு (நிறுவனத்தின் வருமானத்துக்கே வரி விலக்குத் தருவது), தொண்டு நிறுவனங்களைப் பதியும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தின் எண்.
- நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கு விவரம், அல்லது அவர்களின் கட்டணச் சுட்டி, க்யூஆர் படம்.
- பணம் குழந்தைகளுக்கான டைப் 1 ஆராய்ச்சிக்கு மட்டும் ஒதுக்கப்படும் என்று ஒரு வரி.

கடைசி வரிதான் கிடைக்கச் சிரமம். பொது நிதியில் போட்டுக்கொள்ளவே எல்லோரும் விரும்புவார்கள். நாங்கள் முதலில் பேசிய இடத்தில் "சின்னத் தொகைக்கெல்லாம் தனிக் கணக்கு வைக்க முடியாது" என்றார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டோம். இரண்டாவது இடத்தில் கடிதம் வர ஐந்து வாரம் ஆனது. நடுவில் மூன்று முறை நினைவூட்டினேன். ஆகவே நவம்பரில் நடை என்றால் ஆகஸ்டிலேயே எழுதுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 80ஜி தவிர 35(1)(ii) என்ற தனி அங்கீகாரமும் இருக்கும். 80ஜி-யில் பெரும்பாலும் தந்த தொகையில் பாதிதான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. 35(1)(ii) இடத்துக்குத் தந்தால், தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் 80ஜிஜிஏ-வின் கீழ் முழுத் தொகையையும் கழிக்கலாம். எது இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. உங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கடிதம் வருவதற்குள் எனக்கு அவசரம். "என் ஜிபேக்கு அனுப்புங்க, சேர்த்து மொத்தமா கட்டிடறேன்" என்று சொந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரே வாரத்தில் 41 பேரிடமிருந்து 63,400 ரூபாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடிட்டராக இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுல சொந்தக்காரங்க எத்தனை பேரு, ஃபிரெண்ட்ஸ் எத்தனை பேரு?"

"சித்தப்பா பசங்க, பக்கத்து ஃபிளாட்டு, ஆபீஸ் ஆளுங்கதான் எல்லாம்."

"சட்டம் சொல்ற சொந்தக்காரங்கள்ல சித்தப்பா பசங்க வர மாட்டாங்கம்மா. மத்தவங்ககிட்ட இருந்து வருஷத்துல அம்பதாயிரத்துக்கு மேல சும்மா வாங்கினா அது உன் வருமானம். நீ வெறும் கை மாத்திவிட்டவதான்னு அப்புறம் நீதான் நிரூபிக்கணும்."

அதோடு முடியவில்லை. நான் மொத்தமாகக் கட்டினால் ரசீது என் பெயரில் வரும், தந்த 41 பேருக்கும் வராது. வருமான வரிக் கழிவும் அவர்களுக்கு இல்லை. ஆகவே திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். அது எவ்வளவு சங்கடம் என்று எனக்கு முன்னால் தெரியாது. மொய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அல்சூர் மாமா ஒருவர் போன் போட்டு, "பணத்தைத் திருப்பி அனுப்பினா என்ன அர்த்தம்? எங்க காசு உங்களுக்கு ஆகாதா?" என்று கேட்டார். அரை மணி நேரம் வரிச் சட்டம் பேசி அவரைச் சமாதானப்படுத்தினேன். இரண்டு வாரம் போனது. திருப்பி அனுப்பியவர்களில் ஒன்பது பேர் மறுபடி தரவேயில்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். முதல் சூட்டில் வரும் பணம் இரண்டாம் முறை வராது.

இணையவழி நிதி திரட்டும் தளங்களில் போடலாமே என்பீர்கள். போடலாம். மூன்று கேள்வி கேளுங்கள்: தளத்தின் கட்டணம் எவ்வளவு, அதன் மேல் ஜிஎஸ்டி உண்டா, பணம் நேராக நிறுவனத்துக்குப் போகிறதா அல்லது உங்கள் கணக்குக்கு வருகிறதா. உங்கள் கணக்குக்கு வருமென்றால் மேலே சொன்ன கதையேதான். பணம் தரும் பக்கத்தில் தளத்துக்கான அன்பளிப்பு என்று ஒரு தொகை தானாகவே டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வயதானவர்கள் கவனிக்காமல் அதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். நாங்கள் தளம் எதுவும் வேண்டாம் என்று நிறுவனத்தின் க்யூஆரையே பயன்படுத்தினோம்.

ரொக்கம் பற்றி: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிக் கழிவு கிடையாது. உண்டியல் தூக்கிக்கொண்டு சிக்னலில் நிற்பது, குலுக்கல் சீட்டு விற்பது, இரண்டும் வேண்டாம். அனுமதியில்லாத குலுக்கல் குற்றம். ரொக்கம்தான் தருவேன் என்று நிற்கும் கடைக்காரரிடம் நிறுவனத்தின் ரசீதுப் புத்தகத்தில் அங்கேயே எழுதிக் கொடுங்கள். எண்ணும்போது இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

4. மொய் நோட்டு போடுங்கள்

நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பிடியுங்கள். எங்களுக்கு என் மாமனார் கிடைத்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூகுள் ஷீட்டில் அவர் வைத்த பத்திகள்: பெயர் (பான் கார்டில் இருப்பது போல), பான் எண், முகவரி, மின்னஞ்சல், தொகை, தேதி, யுபிஐ பரிவர்த்தனை எண், நிறுவனத்தின் ரசீது வந்ததா.

பான் எதற்கு என்று பலர் முறைப்பார்கள். நிறுவனம் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் 10பிடி என்ற கணக்கை வரித்துறைக்குத் தாக்கல் செய்யும். அதில் தந்தவரின் அடையாள எண் இருந்தால்தான் அவருக்கு 10பிஇ சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கழிவு கேட்க முடியாது. கையில் இருக்கும் வெறும் ரசீது போதாது. எங்களுக்குத் தந்த 137 பேரில் 8 பேர் பான் தரவில்லை, அவர்களுக்குச் சான்றிதழும் இல்லை. "வேண்டாம், விடுங்க" என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். பெயராவது வாங்குங்கள். பெயர் தெரியாத நன்கொடை நிறுவனத்துக்கே தலைவலி.

பான் எண்களை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். ஒருவர் போட்டால் எல்லோரும் போடுவார்கள், நூறு பேர் பார்ப்பார்கள். தனியாக ஒரு படிவச் சுட்டி அனுப்புங்கள்.

இன்னொன்று. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி, 80ஜிஜிஏ எதுவுமே கிடையாது. ஐடி கம்பெனி இளைஞர்களில் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். "வரி மிச்சமாகும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பிறகு திட்டு வாங்காதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் நான் எழுதியிருக்கும் பிரிவு எண்கள் அதில் வேறாக இருக்கும். நான் சொல்வது 2024-25 கணக்கு. உங்கள் ஆண்டுக்கு எது என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. அமெரிக்கா அத்தை பையனும் கம்பெனி மேட்சிங்கும்

வெளிநாட்டுச் சொந்தம் இல்லாத பெங்களூர் தமிழ்க் குடும்பம் ஏது? அங்கே இருப்பவர் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்து, வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். பணம் அவர்களின் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். சாதாரண க்யூஆரை அவருக்கு அனுப்பிவிடாதீர்கள், அது நிறுவனத்தைச் சிக்கலில் மாட்டும். "நான் உன் அக்கவுன்டுல போடறேன், நீ கட்டிடு" என்று அவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கம்பெனி மேட்சிங் என்பது ஊழியர் தந்த அளவுக்குக் கம்பெனியும் தருவது. கேட்க இனிப்பாக இருக்கும். நிறுவனத்தின் பெயர் கம்பெனியின் பட்டியலில் ஏற வேண்டும், அதற்குச் சரிபார்ப்பு, அதற்குப் பல வாரம். எங்கள் குழுவில் ஒருவரின் கம்பெனியில் விண்ணப்பித்தோம். பட்டியலில் பெயர் ஏறிய மின்னஞ்சல் பொங்கலுக்கு வந்தது. நடை முடிந்து இரண்டு மாதம். முதல் வேலையாக இதை ஆரம்பியுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

6. மலை, தேதி, டிக்கெட்

உலக சர்க்கரை நோய் தினமும் குழந்தைகள் தினமும் ஒரே நாள், நவம்பர் 14. அதற்கு அடுத்த ஞாயிறு பொருத்தம். மழை மிச்சம் இருக்கலாம், வெயில் கடுமை இருக்காது. பிப்ரவரி முதல் மே வரை திட்டமிடாதீர்கள். காட்டுத் தீ காலம், பாதைகளை மூடுவார்கள்.

எனக்கு ஆசை ஸ்கந்தகிரி மேல். சிக்கபள்ளாப்பூர் பக்கம், விடிகாலை மேகத்துக்கு மேல் நிற்கலாம். ஆனால் வனத்துறைப் பாதை. அரண்ய விஹாரா இணையதளத்தில் முன்பதிவு செய்தால்தான் விடுவார்கள். ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர்தான், ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை எண் வேண்டும். எங்களுக்கு ஒரு கணக்கில் பத்து டிக்கெட்டுக்கு மேல் ஏறவில்லை. மூன்று பேர் மூன்று கணக்கில் உட்கார்ந்தோம், மூன்றாவது ஆள் பெயர்களை அடித்து முடிப்பதற்குள் அந்த ஞாயிறு காலி. வேண்டுமென்றால் முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்து வைத்து, எல்லோருடைய அட்டை எண்ணையும் முன்பே தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் இருக்கும் அதே அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும்.

சாவன்துர்கா வேண்டாம். வழுக்குப் பாறை, மழை பெய்திருந்தால் பெரியவர்களே தவழ்வார்கள். மாகாளிதுர்காவில் தண்டவாளத்தை ஒட்டி நடக்க வேண்டும், ரயில் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைகளோடு அது எனக்கு ஒப்பவில்லை.

கடைசியில் சிவகங்கை. படிக்கட்டு, செங்குத்தான இடங்களில் இரும்புக் கம்பி, வழியில் கோயில், ஒளகல தீர்த்தம், கொஞ்சம் கடைகள். முடியாதவர் பாதியில் உட்கார இடம் இருக்கிறது. கோயில் மலை என்பதால் ஞாயிறு கூட்டம் இருக்கும், ஆறரைக்கெல்லாம் ஏறத் தொடங்கிவிடுங்கள். சங்கம், கொடி, மைக் என்று பெரிதாகப் போகிறீர்கள் என்றால் கோயில் அலுவலகத்திலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடியும். எங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அம்மா எழுதிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டுப் பக்கம் போகலாம் என்றால் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் இருக்கிறது. வனத்துறை வழிகாட்டி கூடவே வருவார். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையும் எண்ணமே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலை ஏறப் போனவர்கள் இறந்தது நமக்கு நினைவிருக்கும்.

7. செலவு

எங்கள் விதி ஒன்றே: நடைச் செலவு நடப்பவர் கையிலிருந்து, நன்கொடை முழுதும் ஆராய்ச்சிக்கு. சில இடங்களில் நன்கொடையிலிருந்தே பயணம், தங்கல், சட்டை எல்லாம் கழிப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கழிக்கிறீர்கள் என்றால் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கள் கணக்கு: 12 இருக்கை, 17 இருக்கை டெம்போ டிராவலர் இரண்டும் சேர்த்து 17,000. சாப்பாடு 4,200. முதலுதவி, குளுக்கோஸ், ஸ்ட்ரிப் 2,300. ஒரு நாள் குழு விபத்துக் காப்பீடு 2,150. துணி பேனர் 850. மொத்தம் 26,500. பெரியவர்கள் 22 பேர் தலைக்கு 1,200 போட்டார்கள், மீதி நூறு ரூபாய் என் தலையில். டி-ஷர்ட் அடிக்கச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். அடித்திருந்தால் இன்னும் ஏழாயிரம். அதற்குப் பதில் ஆளுக்கொரு நீல ரிப்பன்.

வண்டி பேசும்போது பார்க்கிங், டோல், ஓட்டுநர் பேட்டா உள்ளடக்கமா என்று கேளுங்கள். "எல்லாம் சேர்த்துதான் மேடம்" என்பதை வாட்ஸ்அப்பில் எழுத வையுங்கள்.

8. எப்படிக் கேட்பது

ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன் என்று வாக்கு வாங்கும் வழக்கம் வெளிநாட்டில் உண்டு. நம்மிடம் எடுபடாது. "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார்கள், நடந்து முடிந்தபின் கிலோமீட்டரைக் கணக்குப் போட்டுக் கேட்க உங்களுக்கு வாய் வராது. க்யூஆரோடு நேராகக் கேளுங்கள். நான் அனுப்பியது இது:

"வணக்கம். என் தங்கை மகனுக்கு டைப் 1 சர்க்கரை. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வந்தது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஊசி. இதற்கான ஆராய்ச்சிக்கு நவம்பர் 17 அன்று மலை ஏறுகிறோம். கீழே இருப்பது நிறுவனத்தின் கணக்கு, என்னுடையது இல்லை. தந்ததும் இந்தப் படிவத்தை நிரப்புங்கள், ரசீது வரும்."

"இனிப்பு" வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அனுப்பிய முதல் செய்திக்கு "சின்னதுலயே சாக்லேட் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று பதில் வந்தது, அதை என் தங்கையும் படித்தாள். பாகற்காய், ஆவாரம்பூ, இன்சுலின் செடி என்று மருத்துவம் சொல்பவர்களும் வருவார்கள். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ஆனால் யாராவது "ஊசியை நிறுத்திப் பாருங்க" என்றால் பேசாமல் இருக்காதீர்கள். டைப் 1-இல் ஊசியை நிறுத்தினால் உயிர் போகும் என்று அதே குழுவில் எழுதுங்கள்.

குழந்தை ஊசி போட்டுக்கொள்ளும் படத்தைப் போட்டால் பணம் கூடுதலாக வரும், உண்மைதான். போடாதீர்கள். எங்கள் வீட்டுப் பையனைக் கேட்டோம். "ஸ்கூல்ல பார்ப்பாங்க, வேணாம் பெரியம்மா" என்றான். மலைப் படம்தான் போட்டோம்.

9. பயிற்சி

ஆறு வாரம் போதும். அல்சூர் ஏரியைச் சுற்றி, கப்பன் பார்க், வீட்டு மாடிப்படி. கடைசி இரண்டு ஞாயிறு முதுகில் பையோடு. புது ஷூவை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போடுவேன் என்று ஒருவர் வருவார். அவருக்காகப் பிளாஸ்திரி அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

10. டைப் 1 குழந்தைகள் கூட வந்தால்

எங்கள் ஆறு குழந்தைகளில் மூன்று பேருக்கு டைப் 1. இரண்டு வாரம் முன்பே அந்த வீட்டார் தங்கள் டாக்டரிடம் போய், அன்றைக்கு ஊசி அளவை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கி வந்தார்கள். இதை உங்கள் யோசனையில் செய்யாதீர்கள். குறைப்பது எவ்வளவு என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு.

கிளம்பும் முன் விரல் குத்திப் பார்க்க வேண்டும். சர்க்கரை 250-க்கு மேல் இருந்து கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) இருந்தால் அன்று நடை இல்லை, கீழேயே இருந்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். நடக்கும்போது முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று பார்த்தோம். கையில் சென்சார் ஒட்டியிருந்தாலும் அது காட்டும் எண் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும், ஏறும்போது அந்த வித்தியாசம் பெரிதாகும். சந்தேகம் வந்தால் விரல்தான்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அதுதான் லோ. 15 கிராம் குளுக்கோஸ், தோராயமாக மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி தண்ணீரில், பிறகு 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பார்ப்பது. இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடி அதே. சாக்லேட் கொடுக்காதீர்கள், அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. இதை வண்டியிலேயே 22 பெரியவர்களுக்கும் சொல்லி, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வைத்தோம்.

வைத்தது எவ்வளவு நல்லது என்று பாதி மலையில் தெரிந்தது. சிவகங்கையில் குரங்குகள் அதிகம் என்று தெரியும், பிஸ்கட்டைத்தான் ஒளித்து வைத்தோம். ஒரு குரங்கு வந்து பிடுங்கியது தங்கையின் கைப்பையை. குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் டப்பா எல்லாம் அதில். பாறை மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து முகமெல்லாம் வெள்ளையாகப் பூசிக்கொண்டது. குழந்தைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து நிமிடத்தில் பையன், "பெரியம்மா, லோ ஆகற மாதிரி இருக்கு" என்றான். இன்னொரு அம்மாவின் மீட்டரில் 64. சட்டைப்பைப் பொட்டலம்தான் காப்பாற்றியது. ஆகவே ஊசி, மீட்டர், குளுக்கோஸ் எல்லாம் இரண்டு செட், இரண்டு வேறு ஆள், ஜிப் போட்ட முதுகுப்பை. கைப்பையும் பிளாஸ்டிக் கவரும் கூடவே கூடாது.

இன்சுலினை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மூடிய வண்டி அடுப்பாகிவிடும். ஈரத்தில் குளிரும் துணிப்பையில் வைத்து முதுகுப்பையின் நடுவில் வையுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது.

மதியம் புளியோதரை, தயிர்சாதம். எவ்வளவு சோறு என்று கணக்கிட்டுத்தான் ஊசி என்பதால், குழந்தைகளுக்கு மட்டும் வீட்டிலேயே எடை போட்டு டப்பாவில் கட்டினோம். 

வீட்டுக்கு வந்ததும் முடிந்தது என்று படுத்துவிடாதீர்கள். நடந்த உடம்பு ராத்திரியிலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். படுக்கும் முன்னும், நடுராத்திரி இரண்டு மூன்று மணி வாக்கில் ஒருமுறையும் பாருங்கள். எங்கள் பையனுக்கு அன்றிரவு இரண்டு மணிக்கு 71.

11. கணக்கை முடிப்பது

நடந்த மறுநாளே பணம் வருவது நின்றுவிடும் என்று நினைத்தேன். படங்களைப் போட்டபின்தான் 40,000 சொச்சம் வந்தது. க்யூஆரை டிசம்பர் 15 வரை திறந்து வையுங்கள், அதை முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

பிறகு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் விழுந்ததையும் உங்கள் மொய் நோட்டையும் வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு 1,500 இடித்தது. ஒருவர் அனுப்பியது தோல்வியாகி அவருக்கே திரும்பியிருந்தது, ஆனால் ஸ்கிரீன்ஷாட் எங்களுக்கு வந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பி எழுதாதீர்கள், பரிவர்த்தனை எண்ணைத் தேடுங்கள்.

ஜனவரியில் நிறுவனத்திடம் மொத்தத் தொகைக்கு ஒரு கடிதமும், பணம் எந்த ஆய்வுக்குப் போகிறது என்று இரண்டு வரியும் கேட்டு வாங்கி, பணம் தந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பினேன். மார்ச் கடைசியில் பான் பட்டியலை மறுபடி சரிபார்த்து அனுப்புங்கள், ஓர் எழுத்து மாறினாலும் சான்றிதழ் போய்ச் சேராது. மே 31-க்குப் பிறகும் 10பிஇ வரவில்லை என்றால் ஜூன் முதல் வாரமே எழுதுங்கள், ஜூலையில் வரி கட்டுபவர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களுக்கு 129 சான்றிதழ் வந்தது. அல்சூர் மாமாவுக்கு மின்னஞ்சல் கிடையாது. அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தன் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை எந்த மலை என்று கேட்டார்.